மே மாதத்துச் சிலுவைப் பாதை

பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு எழுந்தபோது அவளுக்குக் கால் மரத்திருந்தது.

அவ்வளவு நேரம் முழங்காலில் இருந்திருக்கிறாள்.

வரிசையில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்கள்.

விடிந்தால் கல்யாணம். முந்தின நாள் மாலை பெண்ணும் மாப்பிள்ளையும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். உள்ளே என்ன சொன்னார்கள் என்பது சாமியாருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். எவ்வளவு நேரம் சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அவளுக்கு முன்னால் போனவன் மாப்பிள்ளைதான். முழங்கால் போட்டதும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை.

இப்போது தூணோரம் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான். ஓர் ஆள் இடம் விட்டு அவளும் உட்கார்ந்தாள். ஆட்கள் முன்னால் 'நீங்க' என்று கூப்பிட ஒரு மாதமாகப் பழகி வருகிறாள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"எனக்குப் பதினாலு ஸ்தலம். உனக்கு?"

"மூணு அருள் நிறைந்த மரியே."

ஒரே பாவம். ஒரே சாமியார். பரிகாரம் மட்டும் வேறு.

"நீ சொல்லல."

அவன் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தான். கோயிலில் பாடுகிறவன். சாமிக்கு அவன் குரல் தெரியுமாம்.

"நாளைக்கு என் பேரைச் சொல்லி சம்மதமான்னு கேக்கப் போறதும் அதே சாமிதான்."

அவன் கைக்குட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தான்.

பாவம் என்று முதலில் சொன்னதே அவன்தான்.

நிச்சயம் முடிந்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்த பிறகு, அவன் சிநேகிதன் வீட்டில் ஒரு மத்தியானம். அடுத்த ஞாயிறு அவன் நற்கருணை வாங்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வாங்கவில்லை. தாலி ஏறுமுன் தொட்டால் ஆண்டவர் ஆசீர்வதிக்க மாட்டார் என்று போனில் அழுதான். ஓலை வாசித்தது ஆண்டவர் காதிலும் விழுந்திருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளில்லை. தினம் ஒரு வசனம், தினம் ஒரு அழுகை. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

ரெண்டு பேரும் சொல்லிவிடுவோம்.

சரி என்றாள். அவன் நிம்மதிக்காக. போன் சூடு ஆறினால் போதும் என்பதற்காக.

சொன்னாள்.

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்காம்மா?" என்று சாமியார் கேட்டார்.

அந்த வருத்தம் இருக்கிறதா என்று உள்ளபடியே தேடினாள். அந்த மத்தியானம் ரெண்டு பேரும் சிரித்ததுதான் ஞாபகம் வந்தது. மறுபடியும் தேடினாள். நேரம் போனதெல்லாம் அதில்தான். கடைசியில் இருந்ததைச் சொன்னாள்.

"அவருக்கு இருக்கு சாமி."

தொட்டியின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிறகு ஒரு பெருமூச்சு. இன்றைக்கே சிலுவைப் பாதையின் பதினாலு ஸ்தலமும் நடக்கச் சொன்னார்.

சற்றுமுன் வந்துபோனவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை; அந்த மௌனம் எதற்கென்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். விடிந்ததும், சாகும்வரை ஒன்றாகச் சுமப்போம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மூணு மரியேயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனோடு.

அவள் எழுந்தாள்.

"நான் நடக்கப் போறேன். நீ உக்காந்து பாரு."

சிலுவைப் பாதை போகிற தவக்காலம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. மே மாதத்தில், மருதாணிக் கையோடு, தனியாக ஒருத்தி சிலுவைப் பாதை போனால் அது எதற்கான பரிகாரம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீடத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"கல்யாணப் பொண்ணுக்குப் பக்தியப் பாத்தியாட்டி, மேரி," என்றாள் அவன் சித்தி.

மேரி பூவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

முதலாம் ஸ்தலம். சுவர்ப் படத்தில் பிலாத்து, தனக்குப் பங்கில்லை என்று கை கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் அந்தப் படத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

இரண்டாவது. மூன்றாவது. சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு முறையும் அதே முட்டியைத்தான் ஊன்ற வேண்டியிருந்தது. அவள் அம்மா முன் பெஞ்சில் ஜெபமாலையைப் பிடித்தபடி இருந்தாள். விரலில் மணி நகரவில்லை.

நான்காவது ஸ்தலத்தில் முழங்கால் போடும்போது பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

செருப்பில்லாத கால்கள் நடந்தன. நடந்து, தொட்டி வரிசைப் பக்கம் நின்றன.

"ஏல, இப்பதான போயிட்டு வந்த?" அவன் அம்மாவின் குரல், வரிசைக் கடைசிப் பக்கமிருந்து. "என்னத்தல மறந்த?"

பூ கட்டுகிறவர்கள் மறுபடியும் கையை நிறுத்தினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவன் என்ன சொன்னான் என்று அவள் காதில் விழவில்லை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவன் ஓடிவிடுவான் என்று தோன்றியது.

ஐந்தாம் ஸ்தலம்.

சிலுவையைச் சுமக்கச் சீமோனைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வழியோடு போன ஆள். முகத்தில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனாலும் தோளைக் கொடுத்திருந்தான்.

அவள் முழங்கால் போட்டாள்.

ஜெபம் முடிந்தும் ஆறாவதுக்குப் போகவில்லை. அங்கேயே இருந்தாள்.

பின்னால், அவன் நின்ற வரிசை ஓர் அடி நகர்ந்தது.