பேர் கிடையாது

"இந்த சீசனுக்குப் பேர் கிடையாதாம். மொதலாளி சொல்லிட்டாரு."

சொன்னவன் கோல்கீப்பர் ஜீவராஜ். கேட்டவன் மஸ்கெலியா ஹொக்கி அணியின் கேப்டன் சின்னராசா. தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். இருவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்கள். வேறு அர்த்தம் தேடவில்லை.

நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான வருஷம். ஹொக்கிச் சம்பளத்தை நம்பித் தோட்டத்து ஃபெக்டரி வேலையை விட்டவன் சின்னராசா. வீட்டில் ஐந்து வயிறு.

மறுநாள் பதினொரு பேரும் மட்டையோடு போய் விஜிதரனின் துணிக்கடை வாசலில் உட்கார்ந்தார்கள். அணிக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி அவர்தான். சின்னராசாவின் தங்கை சுலக்ஷனா அட்டை பிடித்தாள். 'உழைப்பவன் வயிற்றில் அடிக்காதே!'

விஜிதரன் வெளியே வந்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு மேட்ச் இங்கியா?"

"பேர வெட்டிட்டு நக்கலுங்களா?" என்றான் சின்னராசா.

"கப் ஜெயிச்சா எங்க தோள்ல கை போட்டுப் படம் எடுக்குறீங்க. டொலர் ஏறினா அதே கைய வயித்துல வைக்கிறீங்க" என்றான் ஜீவராஜ்.

"யாருடா சம்பளத்த வெட்டினது? ஒங்க மேட்ச் சட்டையில என் கடைப் பேர் போட வேணாம்னுதான் சொன்னேன். இந்தாங்க, இந்த மாசக் காசு."

பதினொரு பேரும் எழுந்தார்கள்.

"காசும் குடுத்துப் பேரும் வேணாங்கிறாரு. தர்மப் பிரபுடா!" ஜீவராஜ் கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள்.

"தர்மமும் இல்ல, மண்ணும் இல்ல. யாவாரம் படுத்துருச்சு. ஒங்களுக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம் எழுதிக் குடுத்திருக்கேன். நிப்பாட்டினா கோர்ட்டுக்கு இழுப்பீங்க. கடைப் புள்ளைங்ககிட்ட ஒரு துண்டுக் கடுதாசி கெடையாது. அதான் போன வாரம் ஆறு பேர நிப்பாட்டினேன். அவங்க சம்பளம்தான் இது. சட்டையில என் பேரப் பாத்தா அந்தப் புள்ளைங்களுக்கு வயிறு எரியாதா?"

கைதட்டல் நின்றது. அட்டை மெல்லக் கீழே இறங்கியது.

அந்த ஆறு பேரில் சுலக்ஷனாவும் ஒருத்தி. போன வாரம் அவள் அழுதுகொண்டு வந்தபோது, "காலம் அப்படி, பொறுத்துக்க" என்று சொன்னவன் சின்னராசா.

சின்னராசா கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கினான்.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றான் தங்கையிடம். "எங்களுக்குப் பயிற்சி இருக்கு."