ரோஸ் நிறத் திரை

கணினித் திரை முழுக்க ரோஸ் நிறம். ஓரமெல்லாம் பூ. மூலையில் ஒரு பூனைக்குட்டி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் புரோகிராம்.

புதிதாக வந்த மேலாளருக்கு ஆவல் தாங்கவில்லை. ஆளில்லாத அந்த மேஜையைக் காட்டி, குழுவின் ஒரே பெண்ணிடம் கேட்டார். அவள் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"என்னம்மா, இது ஆபீஸா, பொம்மை வீடா?"

"என்னுது இல்ல சார். என்னுது கறுப்பு."

"பின்ன, வேற யாரு பூனை வளப்பாங்க?" என்றபடி அவரே நிறத்தை மாற்றினார். திரை கறுப்பானது. பூனையும் போனது. திருப்தியாகத் தன் அறைக்குப் போனார்.

டீ குடித்துவிட்டு வந்த மீசைக்கார சீனியர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டினார். மறுநிமிடம் அலுவலகத்திலிருந்த எல்லா போனும் அலறின.

மேலாளர் ஓடிவந்தார். "என்ன பண்ணீங்க?"

"அழிச்சிட்டேன் சார்." சீனியர் திரையைக் காட்டினார். "கறுப்பா இருந்தா, நாங்க சும்மா போட்டுப் பாக்குற புரோகிராம். கஸ்டமருங்க நிஜமா யூஸ் பண்றதுக்கு மட்டும் ரோஸ் போட்டிருந்தேன். போன வருஷம் மாதிரி அதுன்னு நெனச்சு இத அழிச்சிடக் கூடாதுன்னுதான்..."

அந்தப் பெண் மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனியர் திரையின் மூலையைத் தடவினார். "என் பூனைக்குட்டி எங்க சார்?"