குறத்தி வேஷம்

"ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில டீச்சர்களும் உண்டு. செல்வராணி, நீதான் குறத்தி" என்றார் தலைமையாசிரியை விக்டோரியா. "உன் வேலையை நிரந்தரமாக்க நான்தானே எழுதணும்? மாட்டேன்னு சொல்லிராத."

செல்வராணி மறுக்கவில்லை. "குறத்தி எப்படி இருப்பா டீச்சர்?"

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல பார்த்ததில்லையா? மூஞ்சியில கரியப் பூசு. தலைய விரிச்சுப் போடு. 'சாமியோவ்'னு இழுத்து இழுத்துப் பேசு. பிள்ளைக சிரிச்சு உருளணும். அம்புட்டுத்தான்."

"சரி டீச்சர். குறத்தியாவே வாரேன்."

விழாவன்று, "அடுத்து, குறத்தி!" என்று மைக்கில் அறிவித்ததும் செல்வராணி மேடையேறினாள். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, படிய வாரிய தலை, கையில் வருகைப் பதிவேடு. தினமும் வகுப்புக்கு வருகிற அதே கோலம்.

முன்வரிசையிலிருந்த விக்டோரியா எழுந்தே விட்டார். "ஏம்மா, குறத்தி எங்க?"

செல்வராணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான்தான் டீச்சர். எங்க அம்மா ஊசி பாசி வித்துத்தான் என்னை பி.எட். வரைக்கும் படிக்க வச்சா. எங்க சனத்துல முதல் டிகிரி நான்."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"என்னைப் பத்தி என்ன எழுதணுமோ எழுதிக்கிருங்க டீச்சர். திங்கக்கிழமை முதல் பீரியடுக்கு வாரேன்."