சிவக்காத வால்வு

வீட்டிலிருந்தே பொழுதுபோக்காகக் குறைந்த அலைவரிசையில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர் தேவசகாயம். அவருடைய ஆம்ப்ளிஃபையரில் பல்பு மாதிரியான இரண்டு கண்ணாடி வால்வுகள் ஜோடியாக வேலை பார்த்தன. வலதுபக்கத்து வால்வு மட்டும் அடிக்கடி சூடேறித் தகதகவென்று சிவந்து பழுதாகிவிடும். அவரும் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவார்.

அப்படி மூன்றாவதாக வந்த வால்வுக்கு ஒரே யோசனை. இடதுபக்கத்துப் பழைய வால்விடமே கேட்டது.

"அண்ணே, எனக்கு முன்னால இருந்தவங்க ஏன் சிவந்தாங்க?"

"சூடு தாங்கல தம்பி. என்னைப் பாரு, பத்து வருஷமா சிவந்ததே இல்ல."

"அதெப்படிண்ணே?"

அதற்குள் தேவசகாயம் மைக்கை அழுத்திப் பேச ஆரம்பித்தார். மின்சாரம் முழுக்கப் புதியதன் வழியாகவே பாய்ந்தது. அது பக்கத்தில் எட்டிப் பார்த்தது. பழையதன் வழியே துளிகூடப் போகவில்லை.

"அண்ணே, நீங்க வேலையே..." என்பதற்குள் அதற்கு முகம் சிவந்துவிட்டது.

தேவசகாயம் உச்சுக்கொட்டியபடி அதைக் கழற்றினார். பிறகு பழையதைப் பார்த்து, "நல்லவேளை, நீயாவது ஒழுங்கா வேலை பாக்குற" என்றார்.