பின்னணிப் பலகைகள்

“இந்தப் பலகையில ‘இன்னும் கோபமா’ன்னு எழுதியிருக்கு. யார் யாரைக் கேக்கறாங்க?”

ஆசிரியர் பூதக்கண்ணாடியைப் பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு நிமிராமலே கேட்டார். எதிரே நின்ற எழுத்துக்காரிக்குக் காதுமடல் சூடாயிற்று.

படக்கதைகளின் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து நிரப்புவது அவள் வேலை. அதனாலேயே அலுவலகத்தில் எழுத்துக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுடர்க்கப்பல், கால ரயில் என்று இரண்டு விண்வெளித் தொடர்கள். வாசகர்கள் வெகுகாலம் நச்சரித்த பிறகு இரண்டும் ஒரே கதையில் சந்தித்தன. சந்தித்த இடம், நேற்று என்பது எப்போதும் தாமதமாக வந்து சேரும் ஒரு கிரகம். அங்கே கப்பலின் தலைவியும் ரயிலின் கார்டும் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். கப்பல் பக்கங்களை அதை ஆதியிலிருந்து வரைந்தவரும், ரயில் பக்கங்களை அதை ஆதியிலிருந்து வரைந்த அம்மையாரும் வரைந்தார்கள். ஒரு காலத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். இப்போது ஒருவர் ஏறிய படியில் மற்றவர் கால் வைக்க மாட்டார். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஆசிரியருக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தக் கதை முடியும் கடைசி இதழில், படங்களுக்குள் ஒளிந்திருக்கும் விஷயங்களைச் சொல்லும் பக்கம் ஒன்று போட நினைத்தார். பழைய இதழ்களெல்லாம் எழுத்துக்காரிக்குத் தலைகீழ்ப் பாடம் என்று கேள்விப்பட்டு அவளைக் கூப்பிட்டிருந்தார்.

அவளும் மடமடவென்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். கூட்டத்தில் நொண்டும் ரோபோ, கப்பலின் முதல் இதழில் வெடித்துச் சிதறியதாக எல்லோரும் நம்பியது. கார்டின் தொப்பியில் இருக்கும் எண் கப்பலின் பதிவு எண். கடித்த பழம் போல் ஓரம் குறைந்த நிலா, ரயில் கதை ஒன்றில் பசித்த குழந்தை கடித்தது. சொல்லச் சொல்ல, சாத்திய ஜன்னலுக்கு வெளியே மதிய மழை விண்மீன் தூசியாக இறங்குவது போலவும், மேசை மெல்ல மிதந்து நகர்வது போலவும் அவளுக்கு இருந்தது. சின்ன வயதிலிருந்தே இந்தப் பக்கங்களுக்குள் போய்விட்டால் அவளுக்குத் திரும்பி வர மனம் வராது.

பலகைகளுக்கு வந்தபோதுதான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள்.

வேற்றுக்கிரக நிலையங்களின் பின்னணியில் தொங்கும் பெயர்ப் பலகைகளில் வளைவும் புள்ளியுமாக ஓர் எழுத்துமுறை. அதன் அரிச்சுவடி கப்பலின் பழைய இதழ் ஒன்றில் வந்திருந்தது. ஆசிரியர் அதை வைத்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். கப்பல் பக்கத்தில், இன்னும் கோபமா? அடுத்த ரயில் பக்கத்தில், யார் சொன்னது? மறுபடி கப்பலில், வேளாவேளைக்குச் சாப்பிடறியா? ரயிலில், உங்களுக்கு ஏன் அந்தக் கவலை? போன இதழின் கடைசிக் கப்பல் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

“கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்க ரெண்டு பேரும் பலகை வழியா பேசிக்கறாங்கம்மா” என்றார் ஆசிரியர். “இன்னொண்ணு பாருங்க. ரெண்டு பேர் படத்துலயும் பலகை இதழுக்கு இதழ் பெரிசாயிட்டே வருது. இதைவிட நல்ல துணுக்கு கிடைக்குமா?”

பலகைகள் பெரிதாகிக்கொண்டு வந்ததை அவள் கவனித்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள்.

இதைப் போட வேண்டாம் என்று கெஞ்சினாள். படிக்கிறவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தால் அது வேறு, நாமே தண்டோரா போடுவது வேறு என்றாள். ஆசிரியர் சிரித்தார். ஒளித்து வைப்பதே யாராவது கண்டுபிடிக்கத்தானே என்றார். இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதாகச் சொல்லித் தொலைபேசியை எடுத்தார்.

“வேண்டாம் சார்.” அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். “ரெண்டு பேருமே ரோஷக்காரங்க. ஊர் பார்த்துடுச்சுன்னு தெரிஞ்சா ஆமை மாதிரி உள்ள இழுத்துக்குவாங்க. அப்புறம் எந்த ஜென்மத்துலயும் தலையை வெளியே நீட்ட மாட்டாங்க.”

அவள் முகத்தைப் பார்த்த ஆசிரியருக்கு என்ன தோன்றியதோ, தொலைபேசியை வைத்துவிட்டார். இழுப்பறையிலிருந்து கெட்டி அட்டை ஒன்றை எடுத்தார். கதையின் கடைசி ரயில் பக்கம். வழக்கமாக முதலில் அவள் மேசைக்குப் போகும் பக்கத்தை, இந்த முறை அம்மையார் ஆசிரியர் பெயருக்கு அனுப்பியிருந்தார்.

“சரி, இதுல என்ன பதில் சொல்லியிருக்காங்கன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் போடறதா விடறதான்னு முடிவு பண்ணுவோம். எனக்கு எழுத்துக் கூட்டியே கண்ணு பூத்துப்போச்சு.”

வாங்கிப் பார்த்தாள். கார்டும் கப்பல் தலைவியும் மூலையில் எறும்பு அளவுக்கு நின்றார்கள். பக்கத்தில் முக்கால்வாசியை நிலையத்தின் பலகை ஒன்றே அடைத்துக்கொண்டிருந்தது. அது நிறைய வளைவுகள், புள்ளிகள். தூரிகையால் எழுதியவை. எழுதிப் பழகாத கை. ஓரிடத்தில் அழித்துத் திருத்தியிருந்தது. அவளுக்கு அரிச்சுவடி தேவைப்படவில்லை.

“என்னம்மா, பதில் இருக்கா?”

தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டி எழுத்துகள் மிதக்கத் தொடங்கின. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்:

“நாங்க வெறுமையா விட்ட பலகையில எல்லாம் எழுதினது நீதான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்டி மகளே. ஞாயிற்றுக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வா.”