மூன்றாவது விரல்

காலையில் சொட்டு மருந்து விட்டு முடித்ததும், புருஷனின் நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறுகை விரல்களை நீட்டி "எத்தனை?" என்று கேட்பாள் வடிவு. நெல்மணி தெறித்துப் புண்ணாகி வெளுத்துப்போன கண்ணில், செத்துப்போன யாரோ ஒருவரின் கருவிழியைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துத் தைத்து அனுப்பியதிலிருந்து இதுதான் வழக்கம். சங்கரபாண்டி சரியாகச் சொல்வான். சொன்ன கையோடு அவள் மூக்குத்தியையும் வம்புக்கு இழுப்பான்.

நேற்று மூக்குத்திப் பேச்சே இல்லை. சாயங்காலம் பார்த்தால் கண் சிவந்திருந்தது. சிவந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "தூசிதான். ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாம்" என்று எரிந்து விழுந்தான். பிறகு, சோற்றைப் பிசைந்தபடி மெல்லக் கேட்டான்: "சரியா வச்சுக்கலன்னு திருப்பி எடுத்துக்கிட்டாங்கன்னா?"

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

இன்று இரண்டு விரலை நீட்டினாள். "எத்தனை?"

வெகுநேரம் அவள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு."

அவள் மூன்றாவது விரலையும் சத்தமில்லாமல் நிமிர்த்தினாள். பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"மூணேதான். இவ்வளவு சரியாச் சொல்ற கண்ணை எவன் திருப்பிக் கேப்பான்? கிளம்புங்க, டாக்டர்கிட்டயும் ஒருக்கா சொல்லிக் காட்டிட்டு வந்துருவோம்."

அவன் கை நீட்டி அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். மூன்றாவதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, காலால் செருப்பைத் தேடினான்.