வழிகாட்டியின் கிளாஸ்

நுவரெலியாவின் பழைய பியர் ஆலைக்குள் பகல் வெளிச்சம் செம்பு அண்டாக்களில் பட்டு மஞ்சளாக வழிகிறது. விஸ்கி வடிசாலையைப் பார்த்துவிட்டு வேனில் வந்த ஒன்பது சென்னைப் பயணிகள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். பத்தாவதாக நிற்பவள் வழிகாட்டி ஜூட்சனின் மனைவி யூஜினா. இனிமேல் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் அவன் சத்தியம் செய்து இரண்டு மாதமாகிறது. அதை நம்ப முடியாமல்தான் இன்று கூடவே வந்திருக்கிறாள். ஜூட்சன் கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறான். நுரை மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்கிறது. "முதல்ல கித்துள் கருப்பட்டி மாதிரி இனிக்குங்க. முழுங்கினப்புறம் தொண்டையில மிளகுக் காரம் நிக்கும்." முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் வாயில் வைக்காமல் கீழே வைக்கிறான். பயணிகள் குடிக்கத் தொடங்குகிறார்கள். யூஜினா அவனை அண்டாவின் ஓரத்துக்குக் கூப்பிடுகிறாள். "ஊதுங்க." ஊதுகிறான். இஞ்சித் தேநீர் வாசம்தான் வருகிறது. "இப்பவாவது நம்புறியா?" அவள் முகம் தெளியவில்லை. "இது போன மாசந்தான் முதல்முதலா காய்ச்சுன புது ரகம்னு வேன்ல சொன்னீங்க. முழுங்கினா தொண்டையில காரம் நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" மேசைப் பக்கமிருந்து ஒரு பயணி உற்சாகமாகக் கத்துகிறார்: "சார், நீங்க சொன்ன மாதிரியே இருக்கு!"